பூ எழும்பின சேலை

இளம்பிள்ளையில் எந்தச் சேலைக் கடைக்குள் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் ‘எம்போஸ்’ என்ற சொல் காதில் விழும். எம்போஸ் பட்டு, எம்போஸ் காட்டன், எம்போஸ் பார்டர், டபுள் எம்போஸ். அப்படியென்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் விரலால் துணியைத் தடவிக் காட்டுவாரே தவிர வாயால் சொல்லமாட்டார். சேலத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவரிடம் போய்க் கேட்டால் அவர் அட்டையில் மேலெழுந்து நிற்கும் குத்துவிளக்கைத் தடவிக் காட்டுவார். கேக் கடைக்காரர் மட்டும் தடவ விடமாட்டார், தூரத்திலிருந்து காட்டுவார். நான் பதினான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். பத்துக் கடையில் பத்துப் பேர் ஒரு சொல்லைப் புழங்கிக்கொண்டு, ஒருவரும் பொருள் சொல்லாமல் தடவிக்கொண்டே இருந்தால் எனக்குப் பொறுக்காது.

அந்தப் பள்ளியை விட்டு வந்த கதை வேறு. ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று பேசிவிட்டேன், பிறகு உட்காரவே இல்லை, நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விற்க ஆரம்பித்தேன். வட்டமான ரிங் லைட் ஒன்று வாங்கி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, சேலையை விரித்துப் படம் எடுப்பேன். படத்துக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுவேன். படித்த தமிழுக்கு அதாவது வேலை கிடைத்ததே என்று எனக்கு ஒரு திருப்தி.

எம்போஸ் சேலை வந்தபோது அந்த இங்கிலீஷ் சொல்லை எழுதக் கை வரவில்லை. அகராதியைப் புரட்டி, ‘புடைப்புப் பூ வேலைப்பாடு கொண்ட சேலை’ என்று எழுதிப் போட்டேன். முதல் பதில் என் சொந்த நாத்தனாரிடமிருந்து வந்தது: “யாரு தலையில இடிச்சுக்கிட்டாங்க அண்ணி?” அடுத்து என் பழைய மாணவி ஒருத்தி, “டீச்சர், இது மொறத்துல பொடைக்கறதா, சேலையா?” என்று கேட்டு நாலு சிரிப்புப் பொம்மை வேறு போட்டாள். அன்று ஒரு சேலைகூட நகரவில்லை. ரோஷத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு எம்போஸ் என்றே எழுதினேன். ஆனால் கீழே பொருள் சொல்லாமல் விடவில்லை. ‘சேலையின் உடலும் பூவும் ஒரே நிறம். நூல் மேலெழுந்து நிற்பதால் மட்டுமே பூ தெரியும்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்த இரண்டாவது வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் மாதர் சங்கம் ஒன்று உண்டு. என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். வருடாவருடம் மாதா திருவிழாவில் தேருக்கு முன்னால் எல்லோரும் ஒரே மாதிரி நீலச் சேலை கட்டி நடப்போம். ஒரே மாதிரி என்று சொல்லுவது எளிது, அதற்குள் ஒரு சட்டசபையே நடக்கும். ஜரிகை பெரிதா சிறிதா, கரை சிவப்பா தங்கமா என்று தொடங்கி, போன திருவிழாவில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் போகும். இந்த முறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்தேன். ஒரு நாள் காலை ஆறு மணிப் பூசைக்கு நீல எம்போஸ் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். ஜரிகை ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. நீலத்தில் நீலமாகவே லீலிப் பூக்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது பத்துப் பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் முந்தானையைப் பிடித்தார், ஒருவர் கொசுவத்தைப் பிடித்தார். சங்கத்துத் தலைவி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், என்னை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார்.

“நல்லாருக்கும்மா. சண்டை போடறதுக்குக் கரையே இல்ல பாரு,” என்றார்.

அங்கேயே முடிவானது. வார்டில் முப்பது வருடம் ஆட்களை அதட்டி வைத்திருந்தவர் அவர். அவர் சரி என்றால் சரி.

இளம்பிள்ளைக்கு ஓடினேன். எனக்கு நெய்து தருவது ஒரு கணவன் மனைவி. வீட்டோடு இரண்டு விசைத்தறி. பேச வேண்டுமானால் தறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் சாடை காட்ட வேண்டும். கணவர் பாவு, நூல், பூ வடிவத்துக்கான ஜக்கார்டு அட்டை என்று வெளி வேலைக்கு ஓடுவார். தறியிலேயே நிற்பது அந்த அக்காதான். பூ எப்படி எழும்புகிறது என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். பூ வருகிற இடத்தில் மட்டும் குறுக்கே ஓடும் ஊடை நூலை இரண்டு இழையாகப் போட்டு, நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு மேலே மிதக்க விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். முப்பத்திரண்டு சேலை, எல்லாம் ஒரே நீலம், எல்லாவற்றிலும் லீலிப் பூ என்றேன். அக்கா விரலை மடக்கி நாள் கணக்குப் போட்டார்.

“வேற பாவு ஏத்தாம இதையே ஓட்டிப்போடறோமுங்க டீச்சர். நோம்பிக்கு முன்னால கைக்கு வந்துரும்,” என்றார். எந்தச் சாமிக்கு எந்தத் திருவிழா என்றாலும் அவருக்கு நோம்பிதான்.

சொன்னபடியே வந்தது. திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், ஆட்டோவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு பங்கு மண்டபத்துக்குப் போனேன். நீள மேசையில் சேலைகளைப் பிரித்து அடுக்கினேன். மேலே எட்டு டியூப் லைட்டும் எரிந்தன. கொஞ்சம் தள்ளி நின்று, எல்லோருடைய முகத்தையும் பார்க்கத் தயாரானேன்.

ஒருவர் சேலையைப் புரட்டி மறுபக்கம் பார்த்தார். இன்னொருவர் போனை எடுத்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்து, அந்தப் படத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். படத்தில் ஒரு நீலத் துணி இருந்தது. பூ இல்லை. நானும் மேசையைக் குனிந்து பார்த்தேன். எனக்கும் வெறும் நீலம்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது.

“என்னம்மா இது?” என்றார் தலைவி. “நைட் டூட்டிக்கு நாங்க கட்டுன சேலை மாதிரி இருக்கு. அன்னைக்கு நீ கட்டிட்டு வந்தது வேற, இது வேற.”

“அதே சேலைதாங்க டீச்சரம்மா, இல்ல… அதே சேலைதாங்க சிஸ்டர்,” என்று உளறினேன். பதறினால் எனக்கு யாரைப் பார்த்தாலும் டீச்சர் என்றுதான் வாயில் வரும்.

பின்னாலிருந்து ஒரு குரல், “காட்டுனது ஒன்னு, குடுத்தது ஒன்னு,” என்றது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவி தீர்ப்பை ஒத்திவைத்தார். மறுநாள் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அதே மண்டபத்தில் கூடிப் பேசுவது, சரிப்படவில்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி என்னிடமே கொடுத்துவிட்டு, டவுனில் ஜரிகைச் சேலை எடுத்துக்கொள்வது. ஜாக்கெட் தைக்க நாள் வேண்டும் என்பதால் அதற்கு மேல் தாமதிக்க முடியாது என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த ‘காட்டுனது ஒன்னு’ தான் காதில் நின்றது. சேலை திரும்பி வந்தால்கூட எங்காவது விற்றுக்கொள்வேன். அந்தப் பேரைக் கட்டிக்கொண்டு அந்தக் கோயிலில் எப்படி முட்டி போடுவது? பதினான்கு வருடமாக எல்லோரையும் கேள்வி கேட்டு வந்தவள் ஏமாற்றுக்காரி என்றால் ஊர் சும்மா விடுமா? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதே நினைப்பு.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, வீட்டுக்கு வந்ததும் இளம்பிள்ளைக்குப் போன் போட்டேன். பின்னால் தறி ஓடுகிற சத்தம். அக்கா எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “ஊடையில இரண்டு இழை போட்டீங்களா, ஒரு இழையோட நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. தறி நின்றது. மறுபடி கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கும்போது அது கேள்வியாக இல்லை.

“என்ன சாமி, இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க,” என்றார் அக்கா. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “ஒரு பூவப் பிரிச்சு நூல எண்ணிப் பாருங்க. ஒரு எழை கொறஞ்சிருந்தா நானே வாரேன், வந்து அத்தனையும் தூக்கிக்கிட்டு வந்தர்றேன்.” வைத்துவிட்டார்.

நான் பிரித்து எண்ணவில்லை. பயம். இரண்டு இழை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சேலையைக் கட்டில் மேல் விரித்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் ஆறரைக்கு வந்தார். அவருக்கு பைபாஸ் ஓரம் ஒரு லாரி பட்டறையில் டிங்கர் வேலை. இடித்து நசுங்கி வருகிற லாரிகளின் தகட்டில் ஒடுக்கு எடுப்பது, தட்டிச் சமன் செய்வது, பட்டி பூசிப் பெயிண்டுக்கு அனுப்புவது. அதிகம் பேசமாட்டார். நான் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. அன்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். பூவே இல்லாத சேலையைப் பாருங்கள் என்று ரிங் லைட்டையும் போட்டு, சேலைக்கு நேரே திருப்பி வைத்தேன். அவர் சேலையைப் பார்க்கவில்லை. ரிங் லைட்டைத்தான் பார்த்தார்.

“ஏம்புள்ள, இப்பிடி மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிச்சா என்ன தெரியும்? எங்க பட்டறையில இப்பிடி அடிச்சா ஒடுக்கும் தெரியாது, மேடும் தெரியாது.”

ரிங் லைட்டை அணைத்தார். டியூப் லைட்டையும் அணைத்தார். போனில் டார்ச்சைப் போட்டு, அதைக் கட்டிலோடு ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பிடித்தார். வெளிச்சம் துணியின் மேல் சரிந்து ஓடியது.

ஒவ்வொரு பூவாக எழுந்தது. இதழ், காம்பு, நடுவில் இருக்கும் மூன்று நரம்பு வரைக்கும் எழுந்தது. நான் கட்டில் மேலேயே ஏறி முட்டி போட்டுவிட்டேன். அவர் டார்ச்சை மெல்ல மேலே தூக்கினார், பூக்கள் அமிழ்ந்தன. மறுபடி கீழே இறக்கினார், எழுந்தன. அவருக்கு விளையாட்டாகப் போய்விட்டது.

“பட்டி பாத்து முடிச்சதும் தகட்டுல கை லைட்ட இப்பிடி ஒட்டிப் புடிப்போம். அப்பத்தான் நெழலு உளுகும். நெழலு உளுந்தாத்தான் மேடு எது பள்ளம் எதுன்னு தெரியும். இது தெரியாமயா இத்தன நாளு போட்டோ புடிச்ச?”

அவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. என் குரூப்பில் எம்போஸ் மட்டும் ஏன் சரியாக விற்கவில்லை என்பதும், அன்று காலை வெயிலில் கோயில் வாசலில் எல்லோருக்கும் தெரிந்த பூ, மண்டபத்து டியூப் லைட்டுக்கு அடியில் ஏன் காணாமல் போனது என்பதும் ஒரே நிமிடத்தில் புரிந்தது. காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் வந்தது. எட்டு டியூப் லைட்டும் உச்சியிலிருந்து நேராக அடித்தன. நூல் மேலெழுந்து நிற்பதால் மட்டுமே பூ தெரியும் என்று நானே எழுதியிருந்தேன். தமிழ் டீச்சருக்கு விளக்கம் எழுத வந்தது, ஒடுக்கு எடுக்கிறவருக்குத்தான் அது விளங்கியது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரம் பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்.

சந்தோஷத்தில் குதித்த கையோடு, இளம்பிள்ளை அக்கா ஞாபகம் வந்தது. குதித்த கால் அப்படியே நின்றுவிட்டது. உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் இரண்டாம் பூசை முடிந்தது. மாதர் சங்கக் கூட்டத்துக்கு என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பட்டறைக் கை லைட்டைத் துண்டில் சுற்றி, குழந்தையை எடுத்து வருவது போல் எடுத்து வந்தார். அத்தனை பெண்கள் முன்னால் வர அவருக்கு வெட்கம். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது போல் ஐந்து நிமிடம் கழித்தார்.

தலைவி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சேலைகள் ஏற்கெனவே பாதி மூட்டை கட்டியாயிருந்தன. “என்னம்மா சொல்ற?” என்றார்.

“ஒன்னும் சொல்லலைங்க சிஸ்டர். ஜன்னல எல்லாம் சாத்திட்டு லைட்ட அணைக்கட்டுமா?”

“எதுக்கு, செபமாலை சொல்லப் போறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன். இருட்டு முழுசாக வரவில்லை, ஆனால் போதும். மேசையில் ஒரு சேலையை நீளமாக விரித்தேன். என் கணவர் பிளக்கைச் செருகி, மேசை விளிம்போடு விளக்கை ஒட்டிப் பிடித்தார்.

முதல் வரிசையில் இருந்தவர்கள் “மாதாவே” என்றார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை லீலிப் பூக்கள் நிழலோடு எழுந்து நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

தலைவி மட்டும் அசையவில்லை. “லைட்டு வித்தைம்மா. அதுல எத வேணா காட்டலாம்,” என்றார். “லைட்ட அணை தம்பி.”

அணைத்தார். மண்டபம் மங்கலானது. தலைவி எழுந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் அல்ல, விரல்களின் பின்புறத்தால் துணியை மெல்லத் தொட்டுக்கொண்டே போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நர்சுகள் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி. மேசையின் கோடி வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார். மூட்டையிலிருந்து இன்னொரு சேலையை உருவி அதையும் தொட்டுப் பார்த்தார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரித்தார் அந்த அம்மா.

“பூ எழும்பித்தான் இருக்கு,” என்றார். “எல்லாத்துலயும் எழும்பியிருக்கு. வாங்கடி, வந்து தொட்டுப் பாருங்க. நேத்து யாரு இவளப் பேசுனது? அவ மொதல்ல வா.”

யாரும் முதலில் வரவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். முப்பது கைகள் ஒரே மேசையில். ஒருவர் கண்ணை மூடினார், அதைப் பார்த்து எல்லோரும் கண்ணை மூடினார்கள். “இங்க காம்பு”, “இங்க மொட்டு” என்று ஆளாளுக்குக் கூவினார்கள். ஒரு பெண் என் கணவரிடம், “அண்ணே, இன்னொரு தடவ லைட்டப் போடுங்கண்ணே” என்று கேட்டாள். அவர் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நசுங்கி வந்த ஒரு லாரியைப் புதுசாக்கிப் பட்டறையிலிருந்து வெளியே ஓட்டி வருகிற நாளில்தான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் மூட்டை காலியானது. ஆளுக்கொரு சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு டெய்லரிடம் ஓடினார்கள். போகிற போக்கில் ஒருவர் யாரிடமோ போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்: “இந்த வருசம் எங்களுக்குப் பூ எழும்பின சேலை.” நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் அகராதியில் தேடியது இத்தனை நேரம் இந்த மண்டபத்தில் இருந்திருக்கிறது. அன்று மாலையே குரூப்பில் எல்லாப் படங்களையும் நீக்கினேன். ஜன்னலோரம் சாயங்கால வெயிலில் சேலையைத் தொங்கவிட்டுப் புதிதாக எடுத்தேன். கீழே ‘பூ எழும்பின சேலை’ என்று எழுதினேன். புடைப்பைப் பற்றிக் கேலி செய்த நாத்தனார்தான் முதல் ஆளாக ஒன்று கேட்டாள். அவளுக்கு மட்டும் இரண்டு நாள் காக்கவைத்துக் கொடுத்தேன்.

ஆனால் இளம்பிள்ளைக் கணக்கு பாக்கி இருந்தது. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார், தறியை நிறுத்தவில்லை. நான் தறிக்குப் பக்கத்தில் நின்று, அந்தச் சத்தத்தில், தொண்டை கிழியக் கத்தினேன்: “அக்கா, தப்பு என் பேர்லதாங்க! ரெண்டு இழையும் இருக்குதுங்க!” பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். போனில் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு நழுவப் பார்த்தவள் நான், அவர் எடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

தறி நின்றது. “எண்ணிப் பாத்தீங்களா?” என்றார்.

“இல்லீங்க. எண்ணாமயே தெரிஞ்சுது.”

“எண்ணிப் பாத்திருந்தாத்தான் எனக்குத் திருப்தி,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தாலும் அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. அதே பாவில் மிஞ்சிய ஒரு சேலைத் துண்டைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே உட்கார்ந்து, ஒரு பூவைப் பிரித்து எண்ணினேன். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டு. அவர் கையைக் கட்டிக்கொண்டு, நான் எண்ணி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணி முடித்துவிட்டு, திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் வந்தே ஆக வேண்டும் என்றேன். “நாங்க எங்கீங்க அங்கெல்லாம்,” என்று இழுத்தார். தேரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எங்கள் தேர் போவது பஸ் போகிற மெயின் ரோடு. இருட்டுவதற்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று போலீஸ் கட்டளை. அதனால் நாலரைக்கே புறப்பட்டுவிடும். ஒவ்வொரு வருடமும் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டே நடப்போம். இந்த முறை ஒருவரும் திட்டவில்லை.

நான் வரிசையில் கடைசியாகச் சேர வேண்டியவள். சேலை கட்டி முடித்து, பஸ் ஸ்டாப் எதிரே பேக்கரி வாசலில் காத்திருந்தேன். சேர்ந்துகொள்வது அங்கேதான் என்று சொல்லியிருந்தேன். உண்மையான காரணம், அந்த இருவரும் வந்தால் அந்த ஸ்டாப்பில்தான் இறங்குவார்கள். நான்கு பஸ் வந்தன, போயின. ஐந்தாவதில் இருந்து அக்கா இறங்கினார். மஞ்சள் பூசிய முகம், தலை நிறையக் கனகாம்பரம். கணவர் வெள்ளை வேட்டியில் பின்னால் இறங்கினார். கையில் மாதாவுக்கென்று ஒரு முழம் மல்லிகை.

அப்போது மேளம் கேட்டது. வளைவில் திரும்பி எங்களை நோக்கி வரிசை வந்தது. மேற்கே சாய்ந்த வெயில் அவர்கள் மேல் பக்கவாட்டில் விழுந்தது. முப்பத்தொரு பெண்கள். தோளிலிருந்து கொசுவம் வரை ஒவ்வொரு பூவும் எழுந்து நின்றது. நடக்க நடக்க மடிப்பில் மறைந்தது, அடுத்த அடியில் மறுபடி எழுந்தது. தலைவி எல்லோருக்கும் முன்னால், வார்டு ரவுண்டுக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தார். ரோட்டோரம் நின்றவர்கள் தேரைப் பார்க்காமல் சேலையைப் பார்த்தார்கள். மாதா மன்னிப்பாராக, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி அங்கேயே ஒரு கூப்பாடு போட வேண்டும் போல் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“தறியில பூவு கீழ பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கும்,” என்றார். “நாங்க பாக்கறதெல்லாம் முதுகுதான். அறுத்து எடுத்தா அப்பவே மடிச்சுக் கட்டி அனுப்பிப்போடுவோம். இத்தன வருசத்துல கட்டிக்கிட்டு நடந்து நான் பாத்ததில்லீங்க. இன்னைக்குத்தான் சாமி, பூவோட மூஞ்சியப் பாக்கறேன்.”

அவர் கணவர் வரிசையில் ஒவ்வொரு சேலையாகப் பார்வையை நகர்த்திக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

வரிசை எங்களுக்கு நேரே வந்துவிட்டது. நான் சேர்ந்துகொள்ள ஓர் அடி எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைப் பிடித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா. யாரோ எவரோ, தெரியாது. முந்தானையை வெயிலுக்கு நேரே தூக்கி, பூவை விரலால் வருடிப் பார்த்தார்.

“என்ன சேலைங்க இது? எங்க எடுத்தீங்க?”

எனக்கு இந்தக் கேள்விக்காகவே ஒரு வருடமாகப் பதில் தயார். சொல், பொருள், விளக்கம், போன் நம்பர் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். தறி ஓடும்போது பேசிப் பழகிய குரல். மேளத்தையும் தாண்டி எதிர்ப்பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படிச் சொன்னார்:

“அது நாங்க நெய்ஞ்சதுங்க!”